பதினேழாம் துளை

சஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கூட்டுறவுக் கடையின் காபி மேசையில்
கையுறையைக் கழற்றாமலே சொல்கிறார் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்:
"முடிவு தாமதமானால் நல்லது என்று அர்த்தம்.
எண்ணி மாளவில்லை அவர்களுக்கு."
"கெட்டதென்றாலும் தாமதிப்பார்கள்," என்கிறார் டெல்மர்.
"சொல்லத் துணிச்சல் வரவேண்டாமா?"

ஏரிப் பனிமேல் நிறுத்திய துளைக்கருவியை
இன்னும் பிரிக்கவில்லையாம்.
ஹெலிகாப்டர் ஒரே நாளில் இருமுறை போனதாம்.
கம்பெனித் தலைவர் மனைவி பேரில்
பங்கு வாங்கினாராம்,
இல்லையில்லை, விற்றாராம்.
பதினேழாம் துளையில்
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் கிம்பர்லைட்.
பங்கு பதினாலு சென்ட்.
ஓரெஸ்ட் காகித நாப்கினில் பெருக்கிக்கொண்டே போகிறார்,
பூஜ்யங்கள் விளிம்பைத் தாண்டி
மேசையில் இறங்கிவிட்டன.
வசந்தத்தில் கனோலா விதை வாங்க வைத்திருந்த பணம்
அந்த நாப்கினுக்குள்தான் இருக்கிறது.

நான் அடுத்த மேசை.
முட்டை, டோஸ்ட். எட்டு மணிக்கு ஷிப்ட்.
எண்ணுவதுதான் என் வேலை என்று
இவர்களிடம் சொன்னதில்லை.

எட்டு கிலோ பாறையைக் காஸ்டிக் சோடாவோடு
ஐந்நூற்றைம்பது டிகிரியில் வேகவைப்போம்.
எல்லாம் கரைந்தபின் மிஞ்சுவது
கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகை.
நுண்ணோக்கிமேல் குனிந்து
மூச்சடக்கி, இடுக்கி முனையால்
ஒவ்வொன்றாய்ப் பிரிப்பேன்.
தும்மினால் யாரோ ஒருவர் சொத்து பறந்துவிடும்.

பைகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்.
எந்த ஏரி, எந்தத் துளை, எனக்குச் சொல்வதில்லை.
நாங்கள் எதையும் தொலைக்கிறோமா என்று பார்க்க
பையில் முன்கூட்டியே கலந்துவிடுவார்கள்
பத்து மஞ்சள் கற்கள், ஆலையில் செய்தவை.
நேற்றைய பையில் பத்தும் கிடைத்தன.

அவை மட்டும்.

அது பதினேழாம் துளையாக இருக்கலாம்.
பின்லாந்துப் பாறையாகவும் இருக்கலாம்.
பையின் மண் கொஞ்சம் பச்சையாக இருந்தது, ஏரிக்கரை மண் அப்படி…
பாருங்கள், எனக்கும் தொற்றிக்கொண்டது.

"நீ என்ன நினைக்கிறாய், வெர்னா?"
சர்க்கரைக்குக் கை நீட்டியபடி கேட்கிறார் ஓரெஸ்ட்.
"மதியத்துக்குமேல் பனி கொட்டும்," என்றேன்.

உறையைக் கிழிக்கையில் கொஞ்சம் சிந்தியது.
பழக்கம் விடவில்லை:
எல்லாமே அரை மில்லிமீட்டருக்குக் குறையாத மணிகள்,
ஒளி ஊடுருவும், விரிசல் இல்லை, முப்பதுக்கு மேல்.
எட்டு கிலோவில் இவ்வளவு வந்திருந்தால்
ஆய்வகத்தில் யாரும் வீட்டுக்குப் போயிருக்கமாட்டோம்.

அவர் கையுறையால் அதைத் தரையில் தள்ளிவிட்டு
பேனாவைத் தேடினார்.