கோட்டறை

ராட்டர்டாமில் இந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஆடுகிறார்கள்.
எனக்குத் தெரிவதெல்லாம் ஹேங்கர்கள்.

தொண்ணூற்றைந்தில் அவை
குளிர்ஜுரத்துப் பல்லாய்க் கிடுகிடுத்தன:
நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு அடி.
மொட்டைத் தலைப் பையன்கள்
ஈர ஜாக்கெட்டை என்மேல் வீசிவிட்டுத் திரும்ப ஓடுவார்கள்.
பிறகு ஒரு குளிர்காலம், நூற்று இருபத்தைந்து.
நீளக் கறுப்புக் கோட்டுகள். டிப்ஸ் நன்றாக வந்தது.
இப்போது மறுபடி நூற்றைம்பது, நூற்று அறுபது;
கோட்டே இல்லை, உள்ளங்கையளவு பை,
அதற்கும் ஒரு டோக்கன்.

நேற்று யோஸ்ட் நூற்றுப் பதினெட்டில் வைத்தான்.
வெறும் ஹேங்கர்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றன
ஏதோ சொல்லவந்து மறந்த மாதிரி.
பத்தே நிமிடம். என் மேசை முன் வரிசை.
"தூக்கம் வருது" என்றாள் முதலில் நின்றவள்.

எனக்கும் பிடிக்கவில்லைதான், உண்மையைச் சொன்னால்.
ஆனாலும் அவன் மூன்று வாரம் தேடிய இசைத்தட்டு அது.
எனக்கு மட்டும் உறையைக் காட்டியிருந்தான்.

எண்களைத் தப்பாகப் படித்தேன்.
அறுபத்தொன்றுக்குப் பதினாறின் பை.
மன்னிப்புக் கேட்டு, மெதுவாக உள்ளே போய்,
தேடாமல் தேடினேன்.

வரிசைக் கடைசியில் ஒருத்தன்
தோளை அசைக்க ஆரம்பித்திருந்தான்,
தனக்கே தெரியாமல்.
அவன் நீட்டிய டோக்கனை நான் வாங்கவில்லை.