முன்னூற்றெண்பது மைல்

ஹெலனாவில் காலை ஏழு மணி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
செம்புக் கவிகையின் மேல் நிலா இன்னும் போகவில்லை.
வாசலில் தந்த அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை:
மாரென் அல்ல, மாரின்.
கீழே, "ஒரு நாள் நிழல்."
நிழலுக்கு எழுத்துப் பிழை ஏது என்று
குத்திக்கொண்டேன்.

எங்கள் தொகுதி உறுப்பினர் வெர்னா ட்வேட்.
கோட்டுப் பையில் கன்றின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லைகள்,
பூட்ஸ் ஓரத்தில் காய்ந்த சாணம்.
இங்கே அவருக்குத் தனி அறை கிடையாது.
சபையில் ஒரு மேசை, அதில் ஓர் இழுப்பறை:
இருமல் மிட்டாய், மூன்று மசோதா, ஒற்றைக் கையுறை.

அவர் நடந்தார், நான் ஓடினேன்.
தூணுக்கு ஒருவராய் நின்ற தரகர்கள்
அவர் கணவரின் முழங்கால் வலியைக்கூட
பெயர் சொல்லி விசாரித்தார்கள்.
லிஃப்டில் ஒருவர் என்னையும் கேட்டார்,
"நீ எந்தப் பக்கம்?"
பத்தாம் வகுப்பு என்றேன்.

பத்தரைக்குக் குழு விசாரணை.
ஒதுக்குப்புற ஊர்களின் ஆம்புலன்ஸுகளுக்குக்
கொஞ்சம் பணம் கேட்கும் மசோதா.
பேச வந்தவர்களின் வரிசை கதவைத் தாண்டிப் போனது.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"இனி வருகிறவர்கள் பெயர், ஊர்,
ஆதரவா எதிர்ப்பா, அவ்வளவு போதும்."

ஏழாவதாக வந்தவர் கையில்
நான்காய் மடித்த தாள்.
இரு பக்கமும் எழுதியிருந்தது வெளிச்சத்தில் தெரிந்தது.
மைக்குக்குக் குனிந்தார்.
"டார்வின் ஹோக்."
நிறுத்தினார்.
"முன்னூற்றெண்பது மைல்."
அது ஊரின் பெயரல்ல. யாரோ சிரித்தார்கள்.
"ஆதரவு."
தாளைப் பிரிக்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு பீட்ரூட் விவசாயிகள் சங்கத்தின் உபயம்.
வெர்னாவின் கைபேசி அடித்தது.
பனியில் பிறந்த கன்றைக் குளியல் தொட்டியில்
வெந்நீரில் கிடத்தியிருக்கிறாராம் கணவர்.
"மூக்கைத் தேய், விடாதே, தேய்த்துக்கொண்டே இரு"
என்று அவர் சொன்னது கேட்டு
பக்கத்து மேசை முழுதும் கரண்டியை வைத்துவிட்டது.
எழுந்து நின்றுவிட்டதாம்.
கைதட்டினோம்.

மூன்று மணிக்கு வாக்கு.
மசோதாவைக் கிடப்பில் போடலாமா என்பது கேள்வி.
ஆம் என்றால் இல்லை,
இல்லை என்றால் ஆம்.
கணக்கு எனக்குப் பிடிபடுவதற்குள்
குமாஸ்தா பெயர் வாசித்தாள்.
"ட்வேட்?"
"ஆம்."
கடைசி நாற்காலியில் டார்வின் ஹோக்
தொப்பியைத் தலையில் வைத்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
நடந்துகொண்டே, என்னைப் பாராமல், அவராகச் சொன்னார்:
"தலைவர் கையில்தான் என் பாலம் இருக்கிறது."

எனக்குத் தெரிந்த பாலம்.
தினமும் அதன் முனையில் பள்ளிப் பேருந்து நிற்கும்.
நாங்கள் இறங்கி, காற்றில் புத்தகப் பையை அணைத்தபடி
நடந்து அக்கரை போவோம்.
பின்னால் காலிப் பேருந்து ஊர்ந்து வரும்.
பனிக்கட்டி மிதக்கும் ஆற்றை இதுவரை
நான் குனிந்து பார்த்ததில்லை.
இந்த மனுஷருக்கு எதிராக
என் பக்கம் ஒரு வாக்கு விழுந்திருக்கிறது,
கேட்காமலே.

ஐந்தரைக்கே இருட்டு.
வாகன நிறுத்தத்தில் ஒரு பிக்கப், மூடி திறந்து நின்றது.
பேட்டரி உறைந்துபோய்விட்டது.
வெர்னா பேசாமல் தன் வண்டியைக் கொண்டுவந்து
மூக்கோடு மூக்காய் நிறுத்தினார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
டார்ச்சை நான் பிடித்தேன். என் கை நடுங்கியது;
குளிர்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது.
அவர் சொன்னார், "நன்றி, உறுப்பினரே."
அந்தச் சொல்லில் முள் இருந்ததா என்று
இன்றுவரை தெரியவில்லை.
இவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்,

"பாலத்தில் மெதுவாகப் போங்கள்."