பதினெட்டு மில்லி

மேலூர்ப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு.
"ஒரு சாண் தின்னுட்டான்" என்கிறான் அண்ணன்.
"சாணா? நாலு விரக்கடை" என்கிறான் தம்பி.
நாலு விரக்கடைக்கு ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
உள்ளுக்குள் சிரித்தபடி
சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.
எழும்போதுதான்
வலது முட்டி தன் மனுவைக் கொடுத்தது.

முதல் மனு அல்ல.
ஒத்தக்கடையிலிருந்து ஆபீசுக்குப் பத்து கிலோமீட்டர்,
போக ஒன்று, வர ஒன்று.
மாடிப்படியில் நண்டுபோல் பக்கவாட்டில் இறங்குவேன்.
சீட்டை ஏற்றினேன், இடுப்பு தேராய் ஆடியது.
இறக்கினேன், தொடை வந்து வயிற்றைக் குத்தியது.
முன்னே தள்ளி, பின்னே தள்ளி,
ஒரு மாதம் அதற்கே உட்பிரிவு செய்துகொண்டிருந்தேன்.
எலும்பு டாக்டர் சைக்கிளை விடச் சொன்னார்.
ஸ்கூட்டர் வாங்கச் சொன்னவர்கள்
ரெக்கார்டு ரூம் அமலோற்பவத்தோடு சேர்த்துப் பதினொரு பேர்.

ஞாயிற்றுக்கிழமை கழுவுவதற்காகக் கவிழ்த்தபோது
கிராங்கின் உள்பக்கம்
கிரீசும் செம்மண்ணும் மூடிய இடத்தில்,
புதருக்குள் அளவுக்கல் தட்டுப்பட்ட மாதிரி,
ஓர் எண்: 170.
அச்சிலிருந்து மிதிக்கட்டை வரை
நூற்றெழுபது மில்லிமீட்டர்.
யார் காலை அளந்து அடித்தார்கள்?
எவனோ ஒரு ஐந்தடி ஒன்பதங்குலக்காரன்.
அவனை நான் பார்த்ததே இல்லை.
ஏழு வருடமாய்
அவன் வட்டத்துக்குள் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு.
சுவரோடு நின்று
நில அளவைக் கையேட்டைக் காலிடுக்கில் செருகிப்
பென்சிலால் கோடு போட்டேன்.
அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
ஊர் நிலமெல்லாம் அளக்கிறவளுக்குச்
சொந்தக் கால் இதுவரை புறம்போக்கு.

சிம்மக்கல்லில் ஜபருல்லா சிரித்தார்.
"பதினெட்டு மில்லியாக்கா? குடிக்கக்கூடக் காணாதே."
சிரித்து முடித்துப் பரணில் ஏறி
சின்னப்பிள்ளைகள் கியர் சைக்கிளில் கழற்றிய ஒன்றைத்
தூசியோடு இறக்கினார்.
152.
பழையதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
என் கட்டைவிரல் அகலம்.
இதற்கா இத்தனை நாள்?
"மிதிக்கிறதுல பலம் கிடைக்காது, மேட்டுல திணறுவீங்க."
"கியரை இறக்கிக்கிறேன்."
"பிள்ளைக சாமான்க்கா இது."
"கால் என்னோடதுதானே."
கிராங்க் குறைந்த அளவு சீட்டு ஏற வேண்டும்,
சொல்ல வாயெடுக்கும் முன்
அவரே ஏற்றியிருந்தார், வெறும் கண் அளவில்.
டேப்பை வைத்துப் பார்த்தேன்.
பதினெட்டு.

வைகைப் பாலத்தில்
முட்டி மேலே வந்தது,
வயிற்றைத் தொடாமல் இறங்கிப் போனது.
மறுபடி வந்தது. மறுபடி போனது.
பாலம் தீரும்போதுதான்
முட்டியை மறந்திருந்தது ஞாபகம் வந்தது.

கோரிப்பாளையம் சிக்னலில் கால் ஊன்றப் போனால்
தரையைக் காணோம்.
சீட்டு உயர்ந்துவிட்டதல்லவா.
பக்கத்து ஷேர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தேன்.
உள்ளே இருந்த பெண்
மல்லிகைப் பையை அங்குட்டு நகர்த்தி
"நல்லாப் பிடிச்சுக்கங்க" என்றாள்.
நேற்றுவரை இந்த சிக்னலில்
இரண்டு பாதமும் படிய நிற்பேன்.

வியாழக்கிழமை மறுபடி அதே வரப்பு.
தம்பி என்னைத் தனியாய் அழைத்து
"நாலு விரக்கடைதானே மேடம்,
பார்த்துப் போட்டுவிடுங்க" என்றான்.
சுருட்டிய சங்கிலியை விரித்தேன்.
மறுமுனையைப் பிடிக்க
அண்ணனைக் கூப்பிட்டேன்.

சீட்டு இரண்டு மில்லி கூடிவிட்டதோ என்று
வழியெல்லாம் ஒரு சந்தேகம்.
நாளைக் காலை பார்க்க வேண்டும்.