கைமேல் ஊற்றிய தண்ணீர்

பிரிட்டானிக் கடற்கரை, பிப்ரவரி 1783

"பிள்ளை உயிரோடிருந்ததா, கதெல்?"
சாமியார் இறகை மையில் தோய்த்துவிட்டார்.
ஆம், இல்லை
இரண்டுக்கும் ஒரே அளவு இடம்தான் அந்தப் பேரேட்டில்.

சாமி, செவ்வாயன்றே பனிக்குடம் உடைந்துவிட்டது.
எனக்கு ஆள் வந்தது வியாழன் இருட்டிய பிறகு.
அதுவரை அக்கம்பக்கத்தார்
அவளுக்கு ஆப்பிள் சாராயம் புகட்டியிருந்தார்கள்.
வீட்டு முடிச்செல்லாம் அவிழ்ந்தால் வயிறும் அவிழுமாம்:
அவள் பின்னல், செருப்புக் கயிறு, மாட்டுத் தும்பு,
ஒன்றும் பாக்கியில்லை.
மூலையில் கூல்வென்
மத்தி வலையை மடியில் போட்டு
கண் கண்ணாய்ப் பிரித்துக்கொண்டிருந்தான்.
ஒரு வலையில் எத்தனை முடிச்சு, சாமி!

தலை வரவில்லை. கை வந்திருந்தது.
வெளியே மழையா என்று பார்க்க நீட்டியதுபோல்
முழங்கை வரைக்கும்,
ஆளிப்பூ நீலத்தில்.

பட்டணத்தில் எனக்குப் பாடம் சொன்னது ஒரு துணிவயிறு.
பஞ்சடைத்த அதற்குள் கைவிட்டு, காலைத் தேடித் திருப்ப
முப்பது நாள் பழகினேன்.
அது இறுகியதே இல்லை.
அசெனோர் இறுகினாள்.
முதல் தடவை உள்ளே போன என் கை
மணிக்கட்டுவரை மரத்துத் திரும்பியது.

அப்போதுதான் தீர்த்தக் குப்பியை எடுத்தேன்.
தலையில் ஊற்றினால் செல்லும்; கைக்கு ஊற்றினால் ஐயம்.
ஆகவே நீங்கள் கற்பித்தபடியே
'நீ உயிரோடிருந்தால்' என்று தொடங்கினேன்.
அந்த 'இருந்தாலை'
விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மறுபடி உள்ளே போனேன்.
ஒரு குதிகால் அகப்பட்டது.
விடியுமுன் கால்வழியாய் வந்தாள்.
வாயில் ஊதினேன். வெந்நீரில் கிடத்தினேன்.
கூவியது சேவல்தான்.
தாய் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்;
ஞாயிறுவரை காய்ச்சல் காணாவிட்டால் பிழைத்தாள்.

எழுதிக்கொள்ளுங்கள், சாமி:
தண்ணீர் பட்டதும் ஐந்து விரலும் மடங்கி
என் சுண்டுவிரலைப் பிடித்தன.

"எந்தக் கை?"
வலது கைதான் வெளியே வந்திருந்தது.
"அதைக் கேட்கவில்லை. உன் கை."

மேசைக்கடியில்
இன்னும் மடங்க மறுக்கும் விரல்களை
எடுத்து வெளியே வைக்கிறேன்.
இந்தக் கை.

அவர் அதை வெகுநேரம் பார்க்கிறார்.

வாசலில் கூல்வென் இரவல் மண்வெட்டியோடு நிற்கிறான்,
காலடியில் மத்திப் பெட்டி.
கல்லறைச் சுவருக்கு உள்ளேயா வெளியேயா,
யாரும் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை.
தரை வேறு உறைந்துகொண்டே போகிறது.

இறகில் மை காய்ந்துவிட்டது.
சாமியார் மறுபடி தோய்க்கிறார்.