மடக்குங்கள், தெயோலிண்டா

மயக்க ஊசி வேண்டாம் என்றேன்.
பன்னிரண்டு மணிக்குப் பேருந்து.
தவிர, என் கையைத் திறக்கும்போது
வீட்டுக்காரி உள்ளே இருக்க வேண்டாமா?

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
ஈரக் கயிற்றை யாரோ இழுக்கிறார்கள்.
வலி இல்லை, இழுப்பு மட்டும்.
நர்ஸ் கார் நிறுத்தும் கட்டணத்தைத் திட்டுகிறாள்.

மத்தோசின்யோஸ் டப்பா ஆலையில்
முப்பது வருடம் மத்தித் தலை கிள்ளிய விரல்.
அவையும் கண்ணை மூடியதில்லை.
போன நவம்பரிலிருந்து மடங்கினால் நிமிராது.

"மடக்குங்கள், தெயோலிண்டா."
எதை?
மணிக்கட்டுக்கு அப்பால் ஆளே இல்லை.
மடக்க நினைத்தேன், அவ்வளவுதான்.
"பாருங்கள், சிக்கவில்லை" என்றார் டாக்டர்.

துணிக்குப் பின்னால்
என்னுடையது ஏதோ
சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில்
தூக்க ஊசி போட்டுக்கொண்டவர்
கட்டுப் போட்ட கையோடு கண் திறந்து கேட்கிறார்:
எப்போது ஆரம்பிப்பீர்கள்?