சீரோவின் கரண்டி

மாத்தே இலைச்சாற்றைச் சுற்றுக்கு விடும் ஊர் எங்களுடையது.
ஒரே குவளை, ஒரே உலோகக் குழல்,
ஒருவர் உறிஞ்சி அடுத்தவர் கைக்கு.
பாய்சாந்தூவில் எவனாவது குழலைத் துடைத்தால்
அப்புறம் அவனோடு பேச்சில்லை.
ஆற்றங்கரையில், பேருந்தில்,
பிணத்துக்குக் காவலிருக்கையில்கூட
எங்கள் வாயெல்லாம் ஒரே வாய்.

ஆகவே யாமிலா
மூன்று மாதக் கர்ப்பத்தோடு
மூத்தவன் மிச்சம் வைத்த பூசணி மசியலை
அவன் கரண்டியாலேயே வழித்துத் தின்றபோது
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
இரண்டு வயதுப் பிள்ளையின் எச்சில்
எச்சிலாகுமா?
காப்பகத்திலிருந்து மூக்கொழுக வந்த சீரோவை
வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினாள்.
பிறகொரு வாரம் லேசான காய்ச்சல்,
கழுத்தில் நெறி கட்டியது.
ஆரஞ்சுப் பருவம்; கிடங்கில் எல்லோருக்கும் காய்ச்சல்தான்.
ஒரு மாத்திரை போட்டுப் படுத்தாள்.

அம்பாரோ பிறந்தாள், குறையொன்றும் தெரியாமல்.
இரண்டாம் நாள் காதில் மெல்லிய முனையை வைத்த பெண்
இயந்திரத்தைத் தட்டினாள்.
மறுபடி வைத்தாள்.
வலது காது பதில் சொன்னது.
இடது சொல்லவில்லை.
திரவம் இருக்கும், இரண்டு வாரத்தில் வாருங்கள்.
போனோம்.
இடது காது பூட்டிய வீடு.

டாக்டர் எச்செகோயன்
குழந்தைக்கு முன்னால் காலண்டரைப் பார்த்தார்.
இருபத்தொரு நாள் தாண்டினால்
கிருமி கருவிலேயே வந்ததா, பிறகு வந்ததா
என்று பிரித்துச் சொல்வது கடினமாம்.
பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து
கன்னத்தின் உள்ளே பஞ்சு.
தொடையிடுக்கில் ஒட்டிய பையில்
சிறுநீர் சொட்டக் காத்துக் கிடந்தோம்.
பதினேழாம் நாள் மான்டிவிடியோ பேருந்தில் போனது,
பனிக்கட்டிப் பெட்டிக்குள்,
என் மகளின் சில சொட்டு.

சைட்டோமெகலோ.
சொல்லிப் பார்த்தேன்,
ஏதோ கால்பந்து வீரன் பெயர் மாதிரி இருந்தது.
யாமிலா சிரிக்கவில்லை.
"நான்தான் கொடுத்தேனா?"
டாக்டர் பேனாவை மூடினார்.
"உங்களிடம் யாராவது சொன்னார்களா?"
இரும்புச்சத்து சொன்னார்கள்.
பூனை மலம் சொன்னார்கள், கழுவாத கீரை சொன்னார்கள்.
கரண்டியை யாரும் சொல்லவில்லை.
ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால்
மாத்திரை உண்டாம், நாளுக்குப் பதினாறு.
சில கருக்களை அது காத்திருக்கிறதாம்.
அந்தச் 'சில'வை யாமிலா
வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

இப்போது ஆறு மாதம்,
காலை ஏழு, இரவு ஏழு,
கையுறை போட்டுக்கொண்டு நான்தான் கொடுக்கிறேன்.
மருந்து என் தோலில் படக்கூடாதாம்.
படக்கூடாததை
அவள் நாக்கில் விடுகிறேன்.
பழ வாசனை சேர்த்திருக்கிறார்கள்;
நாளெல்லாம் ஆரஞ்சு அடுக்குகிற எனக்கு
அது எந்தப் பழமென்று பிடிபடவில்லை.
முதலில் வாராவாரம் குதிகாலில் ஊசி.
வெள்ளணுக்கள் சரிந்தபோது நிறுத்தச் சொன்னார்கள்.
அந்த ஏழு நாளும்
வேலை போனவன் போல
ஏழு மணிக்கு எழுந்து நின்றேன்.

இடது காது திரும்பாது.
திரும்புமென்று யாரும் சொல்லவுமில்லை.
வலதை இருக்கிற இடத்தில் இருத்தத்தான் இவ்வளவும்.
சீரோ வீடு முழுக்க ஓடுகிறான்.
அவன் கரண்டியின் கதை
அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

போன ஞாயிறு ஆற்றங்கரையில்
மச்சினி கிரிசெல்தா, நான்காம் மாதம்,
தன் மகள் கடித்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள்.
"அதை வை" என்றேன்.
"முத்தத்தை நெற்றியில் கொடு. அணையாடை மாற்றினால் சோப்பு."
"குழலை மட்டும் உறிஞ்சுவாயோ?" என்று சிரித்தாள்.
சுற்று நின்றுவிட்டது.
குழலைத் துடைத்தவனைப் பார்ப்பதுபோல்
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பிஸ்கட் அவள் கையிலேயே இருந்தது,
தின்னாமல், போடாமல்.

அப்போது யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள்.
அம்பாரோ திரும்பினாள்.
சத்தம் அவளுக்கு இடப்பக்கம்.
அவள் பார்த்தது
வலப்பக்கம்.