கொள்ளுத் துளி

விண்ணப்பத்தில் சீனியம்மாள்.
குழாயில் சினியம்மாள்.
ஒரு சுழி குறைந்தால் இங்கே ரத்தம் கிடையாது.
திருப்பி அனுப்பினேன்.
"பிள்ளை பெத்தவளுக்கு ஊத்துது,
உனக்கு எழுத்தா முக்கியம்?"
வைதுகொண்டே மாடியேறினார் தவமணி அக்கா.
முக்கியம்தான் அக்கா.

ஒன்றே முக்கால் மணி.
பனகல் ரோட்டு டீக்கடையில்
பாய்லர் சீறுவது இதுவரை கேட்கிறது.
புதுக் குழாய், முழுப் பெயர்,
கையில் இன்னும் சூடு.

அணுவைச் சோதித்தால் ஏ.
சீரத்தைச் சோதித்தால்
ஏ ரத்தத்தையே அடித்துத் திரட்டுகிறது.
சொந்த வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்கும் ரத்தம்.
நாற்காலியில் நிமிர்ந்தேன்.

குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில்
கட்டைவிரல் உயரப் புட்டி.
வெளியே ஒட்டியிருப்பது லத்தீன் பெயர்,
உள்ளே இருப்பது கொள்ளு.
உசிலம்பட்டிச் சந்தையில்
படியால் அளந்து போடுவார்களே,
காளைக்கு வேகவைத்து மிச்சத்தில்
ரசம் வைப்பார்களே, அது.
அரைத்து வடித்து, வடித்ததை மறுபடி வடித்து
மிஞ்சிய ஒரு புரதம்.
கண் இல்லை, காது இல்லை.
கை உண்டு, ஒன்றுக்கு மேல்.
அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு சீனி.
டீயில் போடுகிற சீனி அல்ல,
சிவப்பணுவின் தோலில் கிளைவிட்டு
நுனியில் உட்கார்ந்து
நம் குரூப் இன்னதென்று சொல்கிற சீனி.

விதைக்கு எதற்கு இப்படியொரு கை?
பூச்சியின் குடலைப் பிடிக்க என்கிறார்கள்,
வேருக்கு வரும் பாக்டீரியாவில்
வேண்டியவனைத் தடவிப் பார்த்து
உள்ளே விட என்கிறார்கள்.
குன்றிமணிக்குள்ளும் இதே சாதிக் கைதான்.
போன ஆவணியில்
அதைக் கடித்து மென்ற பேரையூர்ப் பையனுக்கு
மூன்று நாள் ரத்தம் கொடுத்தேன்.
நாலாம் நாள் விண்ணப்பம் வரவில்லை.

நமக்குள்ளும் இருக்கிறது.
புண்பட்ட இடத்தில் ரத்தக்குழாய்ச் சுவர் கை நீட்டும்,
போகிற வெள்ளையணு வேகம் குறைந்து
உருண்டு, தொற்றி, இறங்கும்,
பெரியார் நிலையத்துக்கு முன்னாலேயே
ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்கிறவர்கள் மாதிரி.
காய்ச்சல் வைரஸ் நம் வீட்டுக் கதவைத் திறப்பதும்
ஒரு சீனியைப் பிடித்துத்தான்.

மருந்தாகும் என்கிறார்கள்.
போன மாதக் கருத்தரங்கில் ஒருவர்
பலாக்கொட்டைப் புரதம் புற்றின் வேஷத்தைக் கலைக்கும்,
வாழைப்பழப் புரதம் வைரஸின் கையைக் கட்டும் என்று
படம் போட்டுக் காட்டினார்.
எப்போது சார் என்று கேட்டேன்.
"எலி வரைக்கும் வந்திருக்கிறோம்" என்றார்.
நல்ல மனிதர்.

ஒரு துளி கொள்ளு. ஒரு துளி சீனியம்மாள்.
பக்கத்துக் குழாயில்
ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தம்.
சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்தேன்.
என்னுடையது ஒரே கட்டி, அசையவில்லை.
அவளுடையது புகைபோல் எழுந்து கலைந்தது,
ஒரு மணல் தரி இல்லை.

அதே சீனி அவளுக்கும் உண்டு.
என்னுடையதில் நாலில் ஒரு பங்குதான் இருக்கும்.
கொள்ளு கண்டுகொள்ளவில்லை.
கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று
சும்மாவா சொன்னார்கள்.
ஏ இரண்டு, என்று எழுதினேன்.
உடல் சூட்டில் வைத்தும் பார்த்தேன்.
அவள் சீரம் என் ரத்தத்தை அங்கேயும் விடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒச்சப்பன்.
சட்டைக் கையை மடித்துத் தயாராய்
"என்னுதும் ஏதாம்மா, எடுத்துக்கங்க."
வேண்டாம், ஓ தருகிறோம் என்றேன்.
"ஏ-க்கு எதுக்குங்க ஓ?"
இந்த நேரத்தில் எதைச் சொல்ல.
கொள்ளு சொன்னது என்றேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு,
"எழுமலையில எங்க காட்டுலயும்
கொள்ளுதாம்மா போட்டிருக்கு" என்றார்,
மடித்த கையை இறக்காமலே.

இரண்டு பை.
வாங்கிக்கொண்ட தவமணி அக்கா
என் முகத்துக்கு நேரே
ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்தார்,
முதல் எழுத்தை மட்டும்
படிக்கட்டு வரை நீட்டிக்கொண்டே போனார்:
சீ… னியம்மாள்.